கலெக்டருக்கு ஒத்தடம்

செந்தாமரை அக்காவுக்குக் குதிரை பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, ஆகா, என்ன இரக்கம், என்ன கருணை என்று யாராவது அக்காவுக்கு மாலை போடக் கிளம்பிவிடுவார்கள். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் அந்தக் குதிரையை அவள் ‘சக்களத்தி’ என்றுதான் சொல்வாள். அக்கா, அது ஆண் குதிரை என்று எடுத்துச் சொன்னால், “இன்னாவா இருந்தா இன்னா? எம் புருசன புடிச்சி வச்சிகினு கீதுல்ல?” என்று என்னிடமே சண்டைக்கு வருவாள்.

நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் குடியிருக்கிறேன். பெயர் சந்திரலேகா, ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் அக்காவும் நானும் ஒரே லைனில் வேலை. கீழ்வீட்டில் அக்காவும் அவள் கணவர் கோபால் அண்ணனும் இருக்கிறார்கள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டுக்குப் பின்னால் வரிசையாக வாடகை அறைகள், அறை முழுக்க எங்கள் தெற்கத்திப் பையன்கள். வரிசை முடிகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் கலெக்டர் இருக்கிறது.

கலெக்டர் என்பது குதிரையின் பெயர். கெட்டியான டீயின் நிறம், நெற்றியில் வெள்ளைத் தீற்று, வயது இருபதை ஒட்டி. ஏரிக்கரையில் அது நடந்து வந்தால் ஆடு மாடு, பைக் எல்லாம் ஒதுங்கி வழிவிடுவதால் ஊர் வைத்த பெயர் அது. முன்பு இங்கே ஒரு பண்ணை வீடு இருந்தது. அதன் முதலாளி சவாரி போக வாங்கிய குதிரை, கோபால் அண்ணன் அதைப் பார்த்துக்கொள்ள வைத்த ஆள். பிறகு நிலமெல்லாம் குடோனுக்குப் போய்விட்டது. முதலாளி வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் கிளம்பும்போது, “நீயே வச்சிக்கப்பா” என்று கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டார். அண்ணனுக்கு ஒரே நாளில் வேலை போனது, குதிரை வந்தது.

வேலை இல்லாத அந்த நாட்களில் அண்ணன் குடிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நஞ்சமல்ல, காலையிலேயே கடை வாசலில் போய் நிற்கிற அளவுக்கு. அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் சாமி முன்னால் சத்தியம் வாங்கினாள். எதுவும் நிற்கவில்லை. ஆனால் குடித்துவிட்டுக் கிட்டே போனால் கலெக்டர் காதை மடித்துக்கொண்டு முதுகைத் திருப்பிக்கொள்ளுமாம். அவர் கையால் கொள்ளு நீட்டினால் முகர்ந்து பார்த்துவிட்டு வாயே வைக்காதாம். இப்படி நான்கைந்து தடவை ஆனதும் ஒரு நாள் அண்ணன் கொட்டகையிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். அதோடு விட்டார். அப்புறம்தான் கம்பெனி பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. இப்போது ஏழெட்டு வருஷமாகத் தொடவில்லை.

“நான் அழுதேன், எங்கம்மா அழுவுச்சி, கேட்டானா?” என்று அக்கா இதைச் சொல்லும்போதெல்லாம் மூக்கு விடைக்கும். “ஒரு குதிர மூஞ்சத் திருப்பிச்சு, வுட்டுட்டான். அத்தவிட நான் இன்னாத்துல கொறஞ்சி பூட்டேன், நீயே சொல்லு.”

எனக்கே சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

போன வருஷம் கார்த்திகைக் கடைசி. மழை விட்டு ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் நைட் ஷிப்ட் என்று மாறி மாறி வரும். அன்று திங்கட்கிழமை. ராத்திரிதான் பஸ் எடுக்க வேண்டும் என்பதால் காலையிலேயே சேணத்தைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குச் சவாரி போனார். நாங்கள் கம்பெனி பஸ்ஸுக்காகத் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தபோது திரும்பி வந்தார். குதிரை மேல் அல்ல, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து. குளிர்ந்த காலையில் கலெக்டருக்கு உடம்பெல்லாம் வேர்வை. பின்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டதுபோல் ஒரு அடி வைக்கும், நிற்கும், இன்னொரு அடி வைக்கும், நிற்கும். பார்க்கவே சங்கடமாக இருந்தது. அக்கா குதிரையைப் பார்க்கவில்லை, அண்ணன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நாங்கள் வரும்போதும் குதிரை அதே இடத்தில் நின்றது. அண்ணன் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

“ரொம்ப நாளாவே இப்டித்தான் புடிச்சிக்குது. இன்னிக்குக் கல்லு மாதிரி ஆயிடுச்சி” என்றார். “வயசாயிடுச்சி. என் கண்ணு முன்னாடி இத்த இப்டி வச்சிகினு என்னால பார்க்க முடியாது. திருமலைக்குப் போன் போட்டுட்டேன். பொங்கல் கழிச்சி வந்து ஏத்திக்கிறேன்னாரு.”

திருமலை என்பவர் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை அனுப்புகிறவர். கெட்டவர் இல்லை. ஆனால் நடக்க முடியாத கிழக்குதிரையை வைத்துக்கொண்டு அவர்தான் எத்தனை நாள் தீனி போடுவார்? அது எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

“போவட்டும், சனியன் வுட்டுது” என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மாடிக்கு ஏறி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“லேகா, இது போச்சின்னா அந்தாளு திரும்பக் கடைக்குப் போவான். எனக்குத் தெரியும். டூட்டிக்கு உள்ள போவசொல்லோ கேட்ல ஊதச் சொல்றாங்க. ஒரு நாள் மாட்டுனா வேல காலி. வேலயும் இல்லாம குதிரயும் இல்லாம அவன நான் எங்கன்னு போய்த் தேடுவேன்?”

“அக்கா, அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்றேன். சும்மா வாய்வார்த்தைக்குச் சொன்னதுதான்.

மறுநாள் காலை வைத்தியம் பார்க்க வந்தவன் இசக்கிதுரை. மூன்றாவது அறைப் பையன், ஸ்ரீவைகுண்டத்துக்காரன், கம்பெனி கபடி டீமில் ஆடுகிறவன். கையில் ஒரு ஸ்ப்ரே டப்பா.

“யக்கா, இதப் பாருங்க. வெளாட்டுல தொடை புடிச்சிக்கிட்டா எங்களுக்கு இதத்தான் அடிப்பாவ. ரெண்டே நிமிசம், எந்திரிச்சி ஓடிரலாம்.”

“ஏலே, அது மனுசனுக்குல்லா” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் குதிரையின் பின்தொடையில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று அடித்துவிட்டான். குதிரைக்கு அந்தச் சத்தம் என்னவாகக் கேட்டதோ, பாம்பு என்றே நினைத்திருக்கும். இறுகிப்போன உடம்போடு ஒரு உதை. தகரத்தில் பட்ட சத்தம் ரோடு வரை கேட்டது. இசக்கிதுரை சாணிக் குவியலில் மல்லாந்து கிடந்தான். நல்லவேளை, உதை அவன் மேல் படவில்லை.

அக்கா வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவனைத் திட்டினாள். அதற்குள் ஸ்ப்ரே பட்ட இடத்தில் எரிச்சல் தாங்காமல் குதிரையின் தோல் வெடவெடவென்று துடிக்க ஆரம்பித்தது. அண்ணன் வீட்டில் இல்லை. யாரும் கிட்டே போகத் துணியவில்லை. அக்கா ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு வாளி தண்ணீரும் மக்கும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டாள். அத்தனை வருஷத்தில் அவள் அந்தக் குதிரையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. “இருடா, இருடா, கழுவி வுட்டுடறேன்” என்று சொல்லிக்கொண்டே ஊற்றி ஊற்றிக் கையால் தேய்த்தாள். குதிரை மெல்ல அடங்கியது. அவள் கை மட்டும் அந்தத் தொடையிலிருந்து எடுபடவில்லை.

“லேகா, இங்க வந்து தொட்டுப் பாரு. எந் தோளு இருந்துச்சில்ல? அதே மாதிரி கீது.”

அக்காவின் வலது தோள் முன்பு ஒரு தடவை பிடித்துக்கொண்டது. நாள் முழுக்கத் தடித்த சீட் துணியை மிஷினுக்குள் தள்ளித் தள்ளி வந்த வினை. கொண்டை போடக்கூடக் கை தூக்க முடியாது. ரெஸ்ட் எடுத்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் கையை மடியில் வைத்துக்கொண்டு அசைக்காமல் இருந்தாள். இருக்க இருக்க மோசமானது. கடைசியில் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே முதலில் சூடு வைத்து, பிறகு கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கச் சொல்லி, வலிக்கிற இடத்தில் நிறுத்தி, மறுநாள் இன்னும் கொஞ்சம் தூக்கச் சொல்லி, அப்படியே சரிசெய்து அனுப்பினார்கள். அந்த வலி எப்படிப்பட்டதென்று அவளுக்குத் தெரியும். குதிரையின் மேல் அவளுக்கு இரக்கம் வந்தது என்று நான் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். எனக்குத் தெரியும், வந்தது.

அன்றைக்கே வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போய் டாக்டரை அழைத்து வந்தாள். டாக்டர் சுகப்பிரியா சின்ன வயதுக்காரர், ஸ்கூட்டரில் வந்தார். குளம்பைத் தொட்டுப் பார்த்தார், வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார், முதுகெலும்பை ஒட்டி இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போனார். சில இடங்களில் கலெக்டர் முதுகைத் தாழ்த்தி விலகியது.

“மூத்திரம் என்ன நிறத்துல போச்சு? காப்பி மாதிரி ஏதும்?”

அதற்குள் வந்துவிட்ட அண்ணன், “இல்ல மேடம், எப்பவும் போலத்தான்” என்றார்.

“அப்ப நல்லது. காப்பி நிறத்துல போனாலோ, திரும்ப வேர்த்து விறைச்சு நின்னாலோ, ஒரு அடிகூட நடத்தாம உடனே எனக்குப் போன் பண்ணணும். வீட்லயே ஏதாவது பார்த்துக்கலாம்னு இருக்கக் கூடாது.” வலிக்கு ஒரு ஊசி போட்டார். சேணத்தைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் உள்ளே இருக்கிற பஞ்சு அமுங்கிப் பலகையாகியிருந்தது. “இதை இப்படியே போட்டா முதுகைக் கடிக்கும். சரி பண்ற வரைக்கும் சவாரி வேண்டாம்.”

“வயசாயிடுச்சில்ல மேடம்…” என்று அண்ணன் இழுத்தார். அவர் ஏற்கெனவே குதிரையை மனசுக்குள் வழியனுப்பிவிட்டார்.

“வயசாயிருக்கு, உண்மைதான். ஆனா வயசு மட்டும் இப்படி இறுக்காது. எந்த நாள்ல மோசமாகுது, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கவனிச்சுச் சொல்லுங்க. நிக்க வச்சே கட்டிப் போடாதீங்க. ஊசி வேலை செஞ்சு நல்லா கால் எடுத்து வச்சதும் தினமும் மெதுவா நடத்துங்க, மண்ணுல, ரோட்டுல இல்ல. வெதுவெதுப்பா ஒத்தடம் கொடுங்க. உள்ளங்கையால நீவி விடுங்க.”

அண்ணன் தலையாட்டினார். அக்கா, “எப்டி நீவணும், எங்க தொடக் கூடாது, காட்டு கண்ணு” என்று டாக்டரின் கையைப் பிடித்துக் குதிரையின் மேல் வைத்தாள்.

மறுநாளிலிருந்து அக்காவின் வேலை தொடங்கியது. விடிந்ததும் கலெக்டரை வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்தரையில் நடத்துவாள். முதலில் வீட்டு நீளத்துக்கு ஒரு தடவை போய் வந்தாலே போதும் என்று விட்டுவிடுவாள். அவளுக்கும் பயம். கயிற்றைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு, எப்போது கடிக்குமோ என்று ஒரு கண்ணை அதன் வாய் மேலேயே வைத்துக்கொண்டு நடப்பாள். குதிரைக்கு அவளைவிடப் பயம். இரண்டும் ஒன்றையொன்று சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நடப்பதைப் பையன்கள் பல் துலக்கிக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்கள்.

நடந்து வந்ததும் ஒத்தடம். வெந்நீரில் தடித்த துண்டை முக்கிப் பிழிவாள். தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சூடு பார்ப்பாள். தாங்குகிற சூடுதான் என்று தெரிந்த பிறகே குதிரையின் முதுகில் போடுவாள். ஆறினால் மாற்றுவாள். பிறகு ஈரத்தைத் துடைத்துவிட்டு, கழுத்திலிருந்து தோள், தோளிலிருந்து முதுகெலும்பின் ஓரம், அங்கிருந்து பின்தொடை என்று முடி படிந்திருக்கிற போக்கிலேயே உள்ளங்கையால் நீவுவாள். எலும்பின் மேல் கை வைக்க மாட்டாள். குதிரை முகத்தைச் சுளித்தால் அந்த இடத்தில் அழுத்தாமல் கையைச் சும்மா வைத்துக்கொண்டு நிற்பாள்.

“அவசரப்பட்டு அமுக்குனா இன்னும் இறுக்கிக்கும். எனக்கு அப்டித்தான் ஆச்சி” என்பாள்.

கடைசியாகக் கேரட். ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு குதிரையின் தோள்பக்கம் நிற்பாள். கேரட்டுக்காக அது கழுத்தை வளைத்துத் திரும்ப வேண்டும். வலது பக்கம் சுலபமாகத் திரும்பியது. இடது பக்கம் பாதிகூட வராமல் நின்று, கேரட்டைப் பார்த்து உதட்டை மட்டும் நீட்டியது. அக்கா பிடித்து இழுக்கவில்லை. அது எட்டுகிற இடத்துக்கே கேரட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, “நாளிக்குப் பாத்துக்கலாம்” என்றாள்.

சில நாள் போனதும் நடை நீண்டது. ஏரிக்கரை வரை போய் வந்தார்கள். டீக்கடையில் நிற்கிறவர்கள் விடுவார்களா? “இன்னாக்கா, கலெக்டரோட ரவுண்ட்ஸா? எங்க தெருவுக்கு ரோடு போடச் சொல்லுக்கா!” அக்கா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஒரு நாள் அவள் நீவிக்கொண்டிருக்கும்போது கலெக்டர் கீழுதடு தொங்க, கண் சொருகி, நீளமாக ஒரு மூச்சு விட்டது. அக்கா பயந்துபோய், “லேகா, செத்துகித்துப் போவப் போவுதா?” என்று கத்தினாள். டாக்டருக்குப் போன் போட்டால் அவர் சிரித்தார். சுகமாக இருந்தால் அப்படித்தான் செய்யுமாம்.

ஆனால் ஒரு திங்கட்கிழமை எல்லாம் தலைகீழானது. காலையில் கலெக்டர் பழையபடி சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்தது, பின்தொடையில் கை வைத்தால் ஒதுங்கியது. முந்தின நாள் ஞாயிறு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டதால் அக்கா அதை நடத்தவில்லை. அண்ணன் “சொன்னேன்ல?” என்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

எங்கள் கம்பெனியில் ஷிப்ட் தொடங்குமுன் எல்லோரும் லைன் பக்கத்தில் நின்று உடற்பயிற்சி செய்ய வேண்டும். மைக்கில் எண்ணுவார்கள், நாங்கள் கையைத் தூக்கி இறக்குவோம். அன்று கை மேலே போனதும் அக்கா “அம்மா” என்று முனகினாள். ஞாயிறு லீவுக்குப் பிறகு அவள் தோள் எப்போதும் அப்படித்தான் செய்யும். எல்லோரும் கையை இறக்கினோம். அக்காவின் கை இறங்கவில்லை.

“லேகா! திங்கக்கெழமடி!”

“என்னக்கா சொல்லுதீங்க?”

“குதிரைக்கு! அதுக்கும் எப்பவும் திங்கக்கெழமதான் புடிக்குது! எல்லாத் திங்கக்கெழமயும் இல்ல, அந்தாளு பகல் ஷிப்ட் வாரம் முடிச்சி வர்ற திங்கக்கெழம!”

சூப்பர்வைசர் “அங்க என்ன பேச்சு?” என்று சத்தம் போட்டார். அக்கா ஒரு கையை மேலேயே வைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல சார், குதிர!” என்றாள். லைன் மொத்தமும் சிரித்தது.

சாயங்காலம் அண்ணனை நிற்க வைத்துக் கேட்டாள். பகல் ஷிப்ட் வாரத்தில் அவர் இருட்டிலேயே போய் இருட்டித்தான் வருவார். அந்த வாரம் முழுக்கக் குதிரை கட்டிப்போட்ட இடத்தில் சிமெண்ட் தரையில் நிற்கும். வாரம் முடிந்த திங்கட்கிழமை, விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிறவர்போல் ஏறி உட்கார்ந்து ஓட விடுவார். அன்றுதான் அது இறுகிக்கொள்ளும்.

“நிக்கிற வாரம் தீனி இன்னா போடுவ?”

அண்ணன் கொஞ்சம் தயங்கினார். “பாவம், எங்கயும் போவாம நிக்குதேன்னு… கொள்ளு கூடவே வைப்பேன். இந்த வாரமுங்கூட வச்சேன். நல்லா துன்னட்டுமேன்னு.”

அக்கா அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. “அதேதாம்மா!” என்றார் டாக்டர். “வேலை இல்லாம நிக்கும்போது கொள்ளு ஜாஸ்தி, திடீர்னு ஓட்டம், ரெண்டும் சேர்ந்தா தசை இப்படித்தான் பிடிச்சுக்கும். கொள்ளைக் குறைங்க, புல்லு, வைக்கோல் கொடுங்க. ஒரு நாள்கூட நடக்காம விடாதீங்க. நான் கேட்டதுக்கு இதுதாம்மா பதில்.”

ஆசையாகப் பார்த்துப் பார்த்துச் செய்ததே குதிரையை முடக்கியிருக்கிறது என்பது அண்ணனுக்கு மெல்லத்தான் உறைத்தது. “அப்ப நாந்தானா?” என்றார். அக்காவுக்குத் திட்ட நிறைய இருந்தது, திட்டவில்லை.

“தெரிஞ்சா பண்ண? வுடு. இனிமே நீ பகல் ஷிப்ட் போனா நான் நடத்துறேன். நைட்டு போனா நீ நடத்து. ஷிப்ட் நமக்குத்தான், அதுக்கு வேணாம்.”

அன்றே கட்டுக்கயிற்றை அவிழ்த்தார்கள். அறைகளுக்கு முன்னால் நிற்கிற பைக்குகளை ஒதுக்கிவிட்டு, மண்தரையைச் சுற்றி மூங்கில் கட்டிக் குதிரையை உள்ளே சும்மா உலாவ விட்டார்கள். பையன்கள் முணுமுணுத்தார்கள். அதிலும் கொடியில் காய்ந்த இசக்கிதுரையின் கபடி ஜெர்சியைக் கலெக்டர் மென்று துப்பிய அன்று பெரிய பஞ்சாயத்து. ஸ்ப்ரேவுக்கும் ஜெர்சிக்கும் சரியாகப் போயிற்று என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

மார்கழி பாதி ஆவதற்குள் குதிரையின் நடை மாறிவிட்டது. பின்னங்கால் முன்னங்கால் பதிந்த தடம் வரை எட்டி ஊன்றியது. இடது பக்கக் கேரட்டையும் கழுத்தை வளைத்து வாங்கிக்கொண்டது. ஆனால் அண்ணன் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை, திருமலைக்கு வர வேண்டாம் என்று போன் போடவும் இல்லை. “பாக்கலாம், பாக்கலாம்” என்பார். நம்பி ஏமாறப் பயந்தாரோ, தன் கையாலேயே திரும்பவும் கெடுத்துவிடுவோம் என்று பயந்தாரோ, அது அவருக்குத்தான் வெளிச்சம். அக்காவும் கேட்கவில்லை. கேட்டால் “ஏத்தி அனுப்பிடலாம்” என்று சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம்.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை கம்பெனி அரை நாள்தான், அண்ணன் மதியமே வந்திருக்க வேண்டும். வரவில்லை. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். கூட ஓட்டுகிற டிரைவரைக் கேட்டால், வண்டியை விட்டுவிட்டு எப்போதோ கிளம்பிவிட்டார் என்றார். அக்கா கையில் ஈரத் துண்டோடு குதிரை பக்கத்தில் நின்றாள். துண்டு ஆறிக்கொண்டிருந்தது.

“லேகா, கட இருக்குற ரோட்டுப் பக்கம் போய்ப் பாத்துட்டு வர்றியா? எனக்குக் கால் வரல.”

நான் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு ஒயின் ஷாப் வாசலில் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என்னை என்னவென்று நினைத்தார்களோ, நினைக்கட்டும். அண்ணன் அங்கே இல்லை. இன்னொரு கடையிலும் பார்த்தேன், அங்கேயும் இல்லை. வேறெங்கே தேடுவது என்று தெரியாமல் திரும்பி வந்தபோது தெருவில் எனக்கு முன்னால் அவரே போய்க்கொண்டிருந்தார். தோளில் சேணம். நேராகத்தான் நடந்தார்.

அக்கா வாசலுக்கு ஓடி வந்தாள். கிட்டே போய், வெட்கமே இல்லாமல், எங்கள் எல்லோர் முன்னாலும் அவர் வாயை முகர்ந்து பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

“எங்கய்யா போன?”

“ஸ்ரீபெரும்புதூருக்குத்தான். பைக்கு சீட்டு தைக்கிற கடைல குடுத்து இந்தப் பஞ்ச மாத்தினேன். இடது பக்கம் அமுங்கி கீதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல? ஒக்காந்து தச்சி வாங்க லேட்டாயிடுச்சி. போன்ல சார்ஜ் இல்ல.”

அக்காவுக்குப் போன உயிர் வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது.

“சீட்டு தைக்கிறவள வூட்ல வச்சிகினு சீட்டு தைக்கிற கடையத் தேடி ஸ்ரீபெரும்புதூர் போனியா? எங் கைல குடுத்தா நான் தைக்க மாட்டேனா? கம்பெனில தெனம் இன்னா, வட சுட்டுகினா கீறேன்?” என்று கத்திக்கொண்டே அழுதாள். அண்ணன் ஒன்றும் புரியாமல் சேணத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏற்றி அனுப்பப்போகிற குதிரையின் சேணத்துக்கு யாரும் பஞ்சு மாற்ற மாட்டார்கள் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அக்காவுக்கு அது அப்போதே தெரிந்திருக்கும், அதனால்தான் அப்படி அழுதிருப்பாள்.

காணும் பொங்கல் முடிந்த ஞாயிறு திருமலை டெம்போவோடு வந்தார். அண்ணன் கலெக்டரை வெளியே நடத்தி வந்து, வலம் ஒரு சுற்று, இடம் ஒரு சுற்று விட்டார். திருமலை அதன் முதுகில் கையை ஓட்டினார், பின்தொடையைத் தட்டினார். குதிரை விலகவில்லை.

“யோவ் கோபாலு, தேறிடுச்சேய்யா! என்ன மருந்து குடுத்த?”

“மருந்து இல்ல. அதோ நிக்கிறாளே, அவதான்.”

“அப்ப ஏத்திடலாமா?”

அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இல்லண்ணே” என்றார் அண்ணன். “இவ்ளோ தூரம் வரவச்சதுக்கு மன்னிச்சிக்க. இது எங்கயும் போவல.”

திருமலை கோபப்படவில்லை. நாலு கேலி பேசினார், பொங்கலும் வடையும் சாப்பிட்டார், வெறும் டெம்போவை எடுத்துக்கொண்டு போனார். அவர் தெரு திரும்பும் வரை நின்ற அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். “அப்பாடா” என்றாள். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள்.

டாக்டர் அந்த வாரம்தான் வந்து பார்த்துவிட்டு, நடையில் மட்டும் போய் வரலாம், ஓட்டம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அண்ணன் கலெக்டரைக் கொஞ்ச நேரம் கையில் நடத்தி உடம்பைச் சூடாக்கிவிட்டு, சேணம் போட்டு மெதுவாக ஏறி உட்கார்ந்தார். ஏரிக்கரையில் ஒரே ஒரு சுற்று. திரும்பி வந்து இறங்கியவர், வெந்நீரும் துண்டுமாக நிற்கிற அக்காவைப் பார்த்தார்.

“ஒனக்குத்தான் இத்தக் கண்டாலே ஆவாதே. எதுக்கு இம்மாம் பாடு பட்ட?”

அக்கா துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னாள். “இது போனா நீ எங்க போவேன்னு எனக்குத் தெரியும்யா. அதான்.”

அண்ணன் குதிரையின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மழுப்புவார், சிரித்துவிட்டுப் போவார் என்றுதான் நான் நினைத்தேன்.

“போயிருப்பேன்” என்றார்.

அக்கா தலை நிமிர்ந்து அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சரி, சேணத்த எறக்கு. தண்ணி ஆறுது” என்றாள்.